சாந்தா எப்ப ஷூ ஆவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆம்பூரில் எங்கள் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் ஒரு மாட்டின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம்.

என் அக்கா மகள் யாழினி கையை நீட்டியிருந்தாள். யு.கே.ஜி. படிக்கிற கை. விரல் நுனியில் முந்தின நாள் வைத்த மருதாணி. அந்த விரலுக்கும் மாட்டின் விலாவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அது அரைச் சாண் ஆனது. பிறகு ஒரு விரற்கடை. பிறகு தொட்டுவிட்டாள்.

தொட்ட இடத்தில் மட்டும் மாட்டின் தோல் வெடுக்கென்று சிலிர்த்தது. யாழினி கையை இழுத்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று அக்கா பாய்ந்து வந்தாள். யாழினி அழவில்லை. வாயைப் பிளந்து சிரித்துவிட்டு மறுபடியும் தொட்டாள். மறுபடியும் சிலிர்த்தது.

"பார்றா, தொட்டுட்டா!" என்று கைதட்டினார் எதிர்வீட்டு பர்வீன் அக்கா.

மாட்டுக்காரரான சரோஜா அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "எங்க சாந்தா யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டாம்மா. அவளே ஒரு கொழந்த."

யாழினி சாந்தாவைக் கொம்பிலிருந்து குளம்பு வரை ஒரு முறை நிதானமாகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, தெருக்கோடி வரை கேட்கும் குரலில் கேட்டாள்.

"சித்தி, சாந்தா எப்ப ஷூ ஆவா?"

ஒரு மாட்டின் தலை

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பக்கத்தைத் திருப்பியவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் தோல் தொழில்நுட்பம் படித்தவள். ஊருக்கு வெளியே தோல் பதனிடும் ஷெட் ஒன்றில் தரம் பார்ப்பவள். அக்கா ஜெயந்தி ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருபவள். ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் 'அப்பர்' என்போம். அவள் அப்பர் தைக்கிறாள். மாமா லாரி ஓட்டுகிறார், வீட்டில் இருக்கும் நாட்கள் கம்மி. அவர்கள் இருவரும் யாழினியும் நானும் ஒரே வீடு.

யாழினி பயந்த உயிரினங்கள்: கோழி, பூனை, காக்கா, ஆட்டுக்குட்டி, வெட்டுக்கிளி, நாய், மாடு. பயப்படாதவை: டைனோசர். டைனோசர் தெருவில் எதிரே வராது என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

இதில் மாட்டுப் பயம் மட்டும் குடும்பத்தையே ஆட்டியது. காரணம், பள்ளிக்கூடம் தெரு முக்கைத் தாண்டி இருந்தது. முக்கில் சரோஜா அக்காவின் கொட்டகை. கொட்டகைக்கு வெளியே பாதித் தெருவை அடைத்தபடி சாந்தாவின் தலை. தெருப் பிள்ளைகள் எல்லோரும் பர்வீன் அக்கா மகள் சமீராவின் தலைமையில் வரிசையாகப் போய்விடுவார்கள். யாழினி மட்டும் முக்குக்கு வந்ததும் ஓலமிடுவாள். அக்கா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பஜார் வழியாகச் சுற்றி, பள்ளியில் இறக்கிவிட்டு ஓடி வருவதற்குள் கம்பெனி வேன் போயிருக்கும்.

வேன் யாருக்காகவும் நிற்காது. லைன் சூப்பர்வைசரும் அப்படித்தான். "இன்னொரு தடவ லேட்டானா அந்த மெஷின்ல வேற ஆள உக்கார வெச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

ஆக, அக்காவின் வேலை ஒரு மாட்டின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் தொங்கியது.

இயற்கை உலா

குழந்தைகளுக்கு விலங்குகள் மீது ஆர்வம் வரவைப்பது எப்படி என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. எப்படி வரவைக்கக் கூடாது என்று மட்டும் பள்ளியில் கற்றுத்தந்தார்கள்.

நான் படித்த பள்ளியில் ஒரு முறை 'இயற்கை உலா' என்று வேலூர் கோட்டைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். வரிசையில் நிற்கணும், பேசக் கூடாது, எதையும் தொடக் கூடாது, பார்த்த உயிரினங்களை எழுதிக் கொண்டுவரணும். வெயிலில் உயிரினங்களும் புத்தியாக எங்கோ ஒதுங்கிவிட்டிருந்தன. நான் பார்த்தது ஒரு காக்கா, ஒரு நாய், எறும்புகள், அப்புறம் புதருக்குப் பின்னால் ஓர் அண்ணனும் ஓர் அக்காவும். நான்கையும் எழுதினேன். டீச்சர் கடைசி வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.

அன்று பூங்காவில் பார்த்ததிலேயே உற்சாகமாக இருந்த உயிரினம் அதுதான். இன்றைக்கும் அந்த மதிப்பெண் எனக்கு வரவேண்டியது என்றே நினைக்கிறேன்.

பெரியவர்களின் இன்னொரு வழி, குழந்தையை மாட்டுக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு போய், "பாரு, மாடு! அழகா இருக்குல்ல? பயப்படாத, பயப்படாத!" என்பது. பயப்படாதே என்பது ஒரு வேலையா? அதை எந்தக் கையால் செய்வது? அக்கா இந்த வழியில் ஒரு மாதம் முயன்றாள். கிடைத்தது கழுத்தில் நகக்கீறல்தான்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எதையாவது தேடிக்கொண்டிருக்கும் ஆளுக்குப் பயப்பட நேரம் இருக்காது. கல்லூரி லேபில் முதல் தடவை பதனிடாத பச்சைத் தோலின் நாற்றத்தில் குமட்டிய நான், கையில் லென்ஸ் கொடுத்ததும் நாற்றத்தை மறந்துபோனவள்.

தோலிலிருந்து மாட்டுக்கு

எனவே தலைகீழாகத் தொடங்கினேன். மற்ற குழந்தைகள் மாட்டைப் பார்த்துவிட்டுத் தோலுக்கு வருவார்கள். யாழினி தோலைப் பார்த்துவிட்டு மாட்டுக்கு வரட்டும்.

வீணாகப் போகும் சாம்பிள் துண்டுகளைக் கைப்பையில் கொண்டுவந்தேன். கூடவே ஒரு லென்ஸ். ஆட்டுத் தோலில் மயிர்க்கால் புள்ளிகள் மீன் செதில் போல வரிசை கட்டியிருக்கும். மாட்டுத் தோலில் பொடிப்பொடியாக எங்கும் பரவியிருக்கும். எருமைத் தோலில் குண்டு குண்டாக, தள்ளித் தள்ளி. யாழினி ஒரே வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லத் தொடங்கினாள்.

அவளுக்கு இன்னும் பிடித்தது குறைகள். எங்கள் தொழிலில் தோலின் தரத்தைக் குறைப்பதெல்லாம் மாட்டுக்கு நடந்த ஏதோ ஒரு சம்பவம்.

"இது இன்னா கோடு?"

"முள்ளுக் கம்பில உரசியிருக்கு."

"ஏன் உரசுச்சு?"

"முதுகு அரிச்சிருக்கும்."

"கை எட்டலையா?"

"மாட்டுக்கு ஏதுடி கை?"

அவள் தன் கையை முதுகுக்குப் பின்னால் வளைத்து எட்டுகிறதா என்று பார்த்தாள். கையே இல்லாமல் முதுகு அரிப்பது எவ்வளவு பேஜார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் ஒரு மாட்டுக்காகக் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த கட்டம் தெரு. மாடியில் நின்றபடி, பத்திரமான தூரத்தில், உயிருள்ள தோல்களைப் பார்க்கச் சொன்னேன். கீறல் எங்கே, தழும்பு எங்கே, உண்ணி கடித்த புள்ளி எங்கே. தூரம் நாளுக்கு நாள் தானாகக் குறைந்தது. மாடியிலிருந்து படிக்கு, படியிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து தெருவுக்கு.

அவள் தரமும் போடத் தொடங்கினாள். அதை நான் சொல்லித்தரவில்லை. நான் போனில் ஆபீஸ் பேசுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டாள். டீக்கடை நாய்க்கு 'ரிஜெக்ட்'. மேல்வீட்டுத் தாத்தாவின் வழுக்கைக்கு 'நல்ல ஃபினிஷ்'. பர்வீன் அக்காவை உருதுவில் சித்தி என்று கூப்பிடுவாள். அவர் ஆட்டைச் சுற்றி வந்து, "காலா, உங்க ஆடு லைனிங்குக்குத்தான் ஆவும்" என்றாள், அதாவது ஷூவுக்கு உள்ளே மறையும் தோலுக்கு.

"அடிப் பாவி! தோஸ்த்து மாதிரி வளக்கிறேன், லைனிங்காமே!" பர்வீன் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரேவதி, இவ ஜாஸ்தி ஆய்ட்டா. ஒரு நாளு உன்ன மாட்டிவிடப் போறா, பாரு."

நானும் சிரித்தேன். ஆட்டின் காதைப் பிடித்துப் பார்க்கும் பெண், கோழிக்குப் பயந்த பெண்தான் என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையில் ஊரின் முக்கியமான விதி ஒன்று எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

மாட்டுக்கு எதிரே பேசக் கூடாதது

ஆம்பூரில் தோலைப் பற்றி எங்கும் பேசலாம். பஸ்ஸில் பேசலாம், கல்யாணப் பந்தியில் பேசலாம், பிரியாணி வரும்வரை கடையில் உட்கார்ந்து பேசலாம். மாட்டுக்கு எதிரே மட்டும் பேசுவதில்லை. எழுதிவைத்த சட்டம் இல்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சரோஜா அக்காவின் வீட்டுக்காரர் தோல் ஷெட்டில் தோலை ஊறவைத்துச் சுழற்றும் டிரம்மைக் காலமெல்லாம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஷெட்டில் கடைசியாகக் கொடுத்த பணத்தில் வாங்கிய மாடுதான் சாந்தா. அந்த வீட்டில் அதையும் யாரும் சொல்வதில்லை.

சாந்தா என்பது சரோஜா அக்காவின் நாத்தனார் பெயர். "அவ பேர வெச்சா, 'ஏய் சாந்தா, தள்ளி நில்லுடி'ன்னு நாளெல்லாம் சொல்லலாம் பாரு" என்று ஒரு நாள் எனக்கு விளக்கினார். ஆனால் மாட்டை அப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை. 'வாடி தங்கம்' என்றுதான் கேட்டிருக்கிறேன். நாத்தனாருக்கு அது கிடைத்திருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

"இன்னா சொன்ன?" என்றார் சரோஜா அக்கா.

சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்த யாழினி, விவரமாகச் சொன்னாள். "ஷூ, பெரிம்மா. இவ நல்ல செலக்‌ஷன். அப்பருக்கு ஆவா."

பர்வீன் அக்கா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். வீட்டுக்குள்ளிருந்து, காலமெல்லாம் டிரம் ஓட்டியவரின் சிரிப்பு குபீரென்று கேட்டது.

"நீ வாய மூடு!" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு சரோஜா அக்கா என்னிடம் திரும்பினார். "ஏம்மா ரேவதி, புள்ளைக்கு மாட்டக் காட்றேன், மாட்டக் காட்றேன்னியே, எம் மாட்டுக்கு அளவெடுக்கத்தான் கூட்டியாந்தியா?"

"அய்யோ, இல்லக்கா, அது வந்து..."

"படிச்ச பொண்ணுன்னு பாத்தேன். போங்க எல்லாரும். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. உங்க வீட்டுக் கழனித் தண்ணியும் எங்க சாந்தாவுக்கு வாணாம்."

தெருவில் எல்லா வீட்டிலும் அரிசி களைந்த தண்ணீரும் காய்கறித் தோலும் ஒரு பக்கெட்டில் சேரும். சாயங்காலம் சாந்தாவுக்குப் போகும். ஒரு வீட்டின் கழனித் தண்ணியை வேண்டாம் என்பதைவிடப் பெரிய உறவு முறிப்பு எங்கள் தெருவில் கிடையாது. கல்யாணப் பத்திரிகை வைக்காவிட்டாலும் சமாதானம் ஆகலாம். இது அப்படி இல்லை.

சாந்தா மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் யாழினியின் தலைமுடியை முகர்ந்துகொண்டிருந்தாள்.

பயம் இடம் மாறியது

திங்கட்கிழமை காலை முக்குக்கு வந்ததும் யாழினி வழக்கம் போல ஓலமிட்டாள்.

"இன்னும் இன்னாடி? நேத்துத்தான் தொட்டியே!" என்றாள் அக்கா.

"மாட்டுக்கு இல்ல. பெரிம்மாவுக்கு."

என் திட்டம் பலித்துவிட்டது. மாட்டுப் பயம் அடியோடு போய்விட்டது. அந்த இடத்தில் மாட்டுக்காரம்மா பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கா பஜார் வழியாகச் சுற்றினாள். வேன் போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் போய் இறங்கியவளைப் பார்த்து சூப்பர்வைசர் கடிகாரத்தை மட்டும் பார்த்தாராம். அதுதான் அவளைக் கலக்கிவிட்டது.

சாயங்காலம் வந்ததும் என்னிடம் சொன்னாள்: "உனக்கு இந்தப் புள்ள ஒரு ப்ராஜெக்ட். எனக்கு அப்படி இல்ல. வேல போச்சுன்னா நீ லென்ஸ் வெச்சுத் தேடித் தருவியா?"

நான் அவரைக்காய் நார் உரிக்க உட்கார்ந்தேன். யாழினி பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"சித்தி, சாந்தா தோலு ஏன் நடுங்குச்சு?"

"ஈ வந்து உக்காந்தா வெரட்டறதுக்கு. கைதான் இல்லையே. நீ தொட்டதும் ஈன்னு நெனச்சிருக்கும்."

"நீ கொண்டாந்த தோலு நடுங்கலையே."

"அது நடுங்காது."

"ஏன்?"

குழந்தையிடம் எந்த அளவுக்கு உண்மை சொல்வது என்பதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் அளவு போட்டிருக்கவில்லை. "அதுக்குள்ள யாரும் இல்ல. மாடு செத்தப்புறம்தான் தோலு தனியா வரும்."

அவள் ஒரு அவரைக்காயை எடுத்து, உரித்து, நாரைச் சட்டியிலும் காயைக் குப்பையிலும் போட்டாள்.

"சாந்தா சாவுமா?"

"ஒரு நாளு. எல்லாமே ஒரு நாளு போவும்."

"நீ?"

"நானும்."

"உன்ன ஷூ பண்ணுவாங்களா?"

"மாட்டாங்க."

அவள் என் கன்னத்துக்கு மிக அருகே வந்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஆமா. பரு மார்க் ஜாஸ்தி. நீ ரிஜெக்ட்."

காலையிலிருந்து உம்மென்று இருந்த அக்கா அடுப்படியில் களுக்கென்று சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்ததும் மறுநாள் கவலை அவள் முகத்துக்குத் திரும்பி வந்தது.

காதுக்குப் பின்னால்

மறுநாள் நான் ஷெட்டுக்குப் போன் செய்து ஒரு மணிநேரம் பர்மிஷன் கேட்டேன். அக்காவை வேனுக்கு அனுப்பிவிட்டு யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு முக்குக்கு நடந்தேன். சொல்லவேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதலில் மன்னிப்பு. பிறகு விளக்கம். பிறகு மறுபடியும் மன்னிப்பு, ஏனென்றால் நடுவில் வரும் விளக்கம் நிச்சயமாக எரிச்சலூட்டும்.

சரோஜா அக்கா தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "இன்னிக்கு இன்னா தரம் போட வந்தீங்க?"

யாழினி என் துப்பட்டாவுக்குள் புகுந்துகொண்டாள். நான் முதல் மன்னிப்பைத் தொடங்கினேன். பாதி வாக்கியத்தில், துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது. அது சரோஜா அக்காவைப் பார்க்கவில்லை. சாந்தாவைப் பார்த்தது. சாந்தா கழுத்தைக் கம்பத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிம்மா, சாந்தாவுக்கு அரிக்குது."

"எல்லாம் எனக்குத் தெரியும், போடி."

"காதுக்குப் பின்னாடி உண்ணி இருக்கு."

"உண்ணியா? நேத்துத்தான் தேச்சுக் குளிப்பாட்டினேன். எம் மாட்டப் பத்தி எங்கிட்டயே சொல்லுது பாரு."

"காதத் தூக்கிப் பாருங்க."

பொய் என்று நிரூபிப்பதற்காகவே சரோஜா அக்கா காதைத் தூக்கினார். கண்ணை இடுக்கினார். விரலால் தடவினார். பிறகு உள்ளே பார்த்து, "அந்தக் கண்ணாடிய எடுத்துட்டு வா" என்றார். வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை, புத்திசாலி.

ஆமணக்குக் கொட்டை போல ஊதிய உண்ணிகள், காது மடிப்புக்குள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. சரோஜா அக்கா ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்கச்சியில் போட்டார். சாந்தா கண்ணை மூடிக் கழுத்தை நீட்டிக் கொடுத்தாள். யாழினி எப்போது என் கையை விட்டாள் என்று எனக்குத் தெரியாது. அவள் மாட்டின் முன்னங்காலுக்கும் சரோஜா அக்காவின் சேலைக்கும் நடுவே நின்று, "அங்க ஒண்ணு. இல்ல, கீழ. தாடைக்குக் கீழ" என்று மேற்பார்வை செய்துகொண்டிருந்தாள்.

என் இரண்டாவது மன்னிப்புக்கு இடமே கிடைக்கவில்லை.

கடைசி உண்ணி விழுந்ததும் சரோஜா அக்கா, மாட்டின் காதைப் பார்த்தபடியே கேட்டார்: "இப்ப சொல்லுடி. எங்க சாந்தா ஷூ ஆவாளா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாட்டா, பெரிம்மா," என்றாள் யாழினி. "உள்ள ஆளு இருக்கா."

சரோஜா அக்கா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். "ஆமாடி," என்றார். "ரொம்ப பேஜார் புடிச்ச ஆளு." கொட்டாங்கச்சியை ஓரமாக வைத்தார். "எனக்குக் கண்ணு கம்மி. தெனம் இஸ்கூலுக்குப் போறப்ப ஒரு தடவ பாத்துச் சொல்லிட்டுப் போ. இன்னா, தெரிஞ்சுதா?"

புகார்

அடுத்த நாள் யாழினியை சமீராவின் வரிசையில் சேர்த்துவிட்டு நான் வழக்கமான பஸ்ஸில் போய்விட்டேன். ஷெட்டில் லேப் கோட் மாட்டும்போது போன் அடித்தது. பர்வீன் அக்கா, மாடியிலிருந்து நேரடி வர்ணனை. அதைக் கேட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன். இந்த முறை யாழினியின் மிஸ்.

"மேடம், யாழினி இன்னிக்கு லேட்."

"சாரி மிஸ்."

"கேட்டா, டூட்டில இருந்தேன்னு சொல்றா."

"சாரி மிஸ்."

"கிளாஸுக்கு வந்ததும் எல்லாப் புள்ளைங்க காதையும் மடிச்சுப் பாக்கறா, மேடம். அப்புறம் தல. மூணாவது பெஞ்சுல யாருக்கு எவ்ளோ பேன்னு சத்தமா சொல்றா. ரெண்டு பொண்ணுங்க அழுவுது."

"நான் சொல்லிவெக்கிறேன் மிஸ்."

போன் வைக்கப்படவில்லை. மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் தலையையும் பாத்தா, மேடம். ஒண்ணு இருக்குதாம். கொழந்த சும்மா வெளாட்டுக்குத்தான சொல்லுது?"

தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. "அவ கண்ணு தப்பாது, மிஸ்" என்றேன்.

சாயங்காலம் அக்கா வேனிலிருந்து இறங்கி வந்தாள். விரல்களில் ரப்பர் சொல்யூஷன் பசை வாசம் போகாமல் இருந்தது. நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். லேட் ஆனது, காது, பேன், அழுத பெண்கள், மிஸ் தலை. மிஸ் தலைக்கு அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"சமீரா கூடத்தான போச்சு?"

"இல்லக்கா. பசங்க முன்னாடியே போய்ட்டாங்க. இது மாட்டுக்கிட்ட நின்னுடுச்சு. அப்புறம்தான் போச்சாம்."

"அப்புறம்னா? யாரு கூட?"

"யாரும் இல்ல. தனியா."

"முக்கு வழியாவா?"

"முக்கு வழியாத்தான். பர்வீன் அக்கா மாடியிலேர்ந்து ஸ்கூல் கேட்டு வரைக்கும் பாத்துட்டே இருந்தாங்களாம்."

அக்கா பையைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு," என்றாள்.

"எத? மிஸ் தலையா?"

"அது கெடக்குது. புள்ள தனியா நடந்துச்சே, அத சொல்லு. நம்ம வாசப்படி எறங்கினதுலேர்ந்து."